இடம் எழுதாத கல்

பேய், ஆவி என்று என் எதிரில் யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கோபம்தான் வரும். முப்பது வருடம் கல்லூரியில் நிலவியல் சொல்லிக் கொடுத்தவன் நான். மாணவர்களை மலைக்குக் கூட்டிப்போய் முகாம் போட்டால் சாப்பாடு முடிந்ததும் எவனாவது ஒருவன் மோகினி கதையை எடுப்பான், நான் எழுந்து போய் நாளைக்குக் காலையில் எல்லோருக்கும் தேர்வு என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிடுவேன். இன்றைக்கும் அப்படித்தான். ஆகவே இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் நான் வருத்தப்பட மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரிப்பேன், ஆனால் பாதியில் எழுந்து போகாதீர்கள், அது மட்டும் போதும்.

எழுபதுகளின் கடைசி அது. சேலத்தில் விரிவுரையாளர் வேலை, அஸ்தம்பட்டியில் வாடகை வீடு, கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை. வீட்டில் நானும் என் மனைவி சுசீலாவும் மட்டும். உண்மையைச் சொன்னால் பெரும்பாலும் சுசீலா மட்டும்தான், ஏனென்றால் லீவு விட்ட மறுநாள் நான் ஏற்காடு பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

காரணம் ஒரு பள்ளம். மலையின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நாகலூரைத் தாண்டி வாழவந்தி போகிற பக்கத்தில் உயரத்தைக் காட்டும் கோடுகள் ஓரிடத்தில் வட்டமாகச் சுருண்டிருந்ததைக் கவனித்தேன். வாணலி மாதிரி ஒரு பள்ளம், சுற்றிலும் கரை. ஓடைக்கு வட்டம் போடத் தெரியாது, அங்கே எரிமலையும் கிடையாது, அப்படியானால் என்றைக்கோ வானத்திலிருந்து ஒரு விண்கல் வந்து மோதித்தான் அந்தப் பள்ளம் உண்டாகியிருக்க வேண்டும் என்று என் மனதில் விழுந்துவிட்டது. விழுந்தது விழுந்ததுதான், அப்புறம் வேறு எதையும் படிக்க முடியவில்லை, அதையே முனைவர் பட்டத்துக்கான தலைப்பாகப் பதிவு செய்துவிட்டேன்.

என் ஆய்வுக்கு நெறியாளராக இருந்தவர் சென்னையில் ஒரு பெரிய பேராசிரியர். "மலைன்னா பள்ளம் இருக்கும்யா, பள்ளமெல்லாம் வானத்துலேர்ந்து விழுந்ததில்ல" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, "ஒரே ஒரு ஸ்லைடு கொண்டா. கோடு இருந்தா கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

அந்தக் கோடு என்ன என்று சொல்லிவிடுகிறேன். விண்கல் மோதிய இடத்துப் பாறையில் குவார்ட்ஸ் என்கிற பளிங்குத் துகள்கள் இருந்தால், அந்த அதிர்ச்சியில் துகளுக்குள் மெல்லிய கோடுகள் வரிசை வரிசையாக விழுந்துவிடும், சீப்பால் இழுத்த மாதிரி. பூமியில் தானாக நடக்கிற வேறு எதுவும் அந்தக் கோட்டைப் போடாது. கல்லை வெட்டி, கண்ணாடியில் ஒட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, அந்த ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் தெரியும். மூன்று வருடத்தில் அறுபத்தோரு கற்களை அப்படித் தேய்த்துப் பார்த்தேன், ஒன்றில்கூடக் கோடு இல்லை. எங்கள் துறையில் எனக்குக் குழி வாத்தியார் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்த டிசம்பர் லீவுக்கு முன்னால் பேராசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. இந்த லீவோடு கடைசி, ஸ்லைடு இல்லையென்றால் தலைப்பை மாற்று, அந்த மலையில் அலுமினியத் தாது பாக்சைட் இருக்கிறதே, அதைப் பார் என்று எழுதியிருந்தார்.

கல் போடும் பைகளைச் சுசீலாதான் தைத்துக் கொடுப்பாள். காடாத் துணியில் சின்னச் சின்னப் பை, வாய்ப்பக்கம் சிவப்பு நூலில் ஒரு ஓட்டத் தையல், அது அவள் பழக்கம். அந்தத் தடவை பைகளை என் மூட்டையில் வைத்துக்கொண்டே, "நானும் ஒருக்கா வரட்டுங்களா? நாலு வருசமா அந்தக் குழியப் பத்தியே பேசறீங்க, எப்பிடித்தான் இருக்குதுன்னு பாக்கோணும்" என்றாள். அங்கே என்ன இருக்கிறது, அட்டையும் பனியும்தான், அடுத்த லீவுக்குப் பார்க்கலாம் என்றேன். அடுத்த லீவுக்கு என்று எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே கணக்கில்லை.

நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த செல்லப்பன் எனக்குக் காலியாக இருந்த ஒரு தொழிலாளர் லைன் வீட்டை ஒதுக்கிக் கொடுத்திருந்தார். பழம் பறிக்கிற வேலைக்குப் போகும் பாப்பாத்தி என்ற அம்மாள் எனக்கும் சேர்த்துச் சமைத்து வைப்பார். காலையில் களியும் கீரையும் கட்டிக்கொண்டு பள்ளத்துக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவேன். டிசம்பரில் அங்கே பனி இறங்கினால் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே பத்தடிக்கு அப்பால் இருக்கும் சில்வர் ஓக் மரம் தெரியாது. என் சுத்தியல் சத்தத்தையும் இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீரையும் தவிர வேறு சத்தமே கிடையாது. நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போய் நிற்கும்போது, போதும் என்கிற ஒரு வார்த்தையே கரகரவென்றுதான் வரும். எனக்கு அது ஒரு பெருமையாகக்கூட இருந்தது, பெரிய காரியம் செய்கிறவன் தனியாகத்தான் இருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். மடத்தனம்.

மூன்றாம் நாள் மத்தியானம், எதிர்க் கரையில் இன்னொரு சுத்தியல் கேட்டது.

விறகு வெட்டுகிற சத்தமோ வேலிக்குக் கம்பு அடிக்கிற சத்தமோ என்று நீங்கள் நினைப்பீர்கள், இல்லை. எங்கள் தொழிலில் கல்லை உடைக்குமுன் மெதுவாக ஒரு தட்டு தட்டிக் கேட்போம், உளுத்த பாறை பொத்தென்று சொல்லும், நல்ல பாறை மணி மாதிரி சொல்லும், நல்லதாக இருந்தால் ஓங்கி ஒன்று போடுவோம். அங்கே கேட்டது அதுதான், மெதுவாக ஒன்று, கொஞ்சம் இடைவெளி, ஓங்கி ஒன்று. பழகின கை. கையிலிருந்த கல்லைக் கீழே போட்டுவிட்டேன். பயத்தில் இல்லை, பொறாமையில். வேறு எந்தப் பல்கலைக்கழகத்துக்காரனோ என் பள்ளத்தைக் கண்டுபிடித்து வந்துவிட்டான், எனக்கு முன்னால் அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு போகப் போகிறான், எனக்கு அந்த ஒரு நினைப்புத்தான். என் இடத்தில் வேறு ஒருவர் அதைக் கேட்டிருந்தால் யாரோ துணைக்கு இருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டிருப்பார்.

அன்றைக்கே போய்ச் செல்லப்பனைப் பிடித்தேன். "ஏனுங்க சார், இந்தப் பனியில ஆருங்க வருவாங்க? புது ஆளு பஸ்ஸ உட்டு எறங்குனா எனக்குத் தெரியாமப் போயிருமுங்களா?" என்றார். அவர் என்னிடம் எதையோ மறைக்கிறார் என்று நினைத்தேன், அந்த அளவுக்குப் புத்தி கெட்டுப் போயிருந்தது. மறுநாள் பள்ளத்துக்குப் போகாமல் ஏற்காட்டுக்குப் போய், வேலை முன்னேறுகிறது, யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று பேராசிரியருக்கு ஒரு தந்தி அடித்தேன். ஒன்றும் முன்னேறவில்லை, இருந்தாலும் அடித்தேன். திரும்பி வர நாலு மணி ஆகிவிட்டது. பாப்பாத்தி அம்மாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏஞ்சார், மத்தியானம் அந்தக் கரை மேல போனீங்களே, களிய மறந்துட்டுப் போறீங்கன்னு எத்தன தரம் கூப்புட்டனுங்க. திரும்பிக்கூடப் பாக்கலைங்களே" என்றார்.

நான் ஏற்காட்டிலிருந்து இப்போதுதான் வருகிறேன் என்றேன்.

"அப்பறம் ஆருங்க அது? அதே தொப்பி, அதே சுத்தி. நடையுங்கூட உங்களாட்டமே இருந்துச்சு. தலைதான் வெள்ள வெளேர்னு தெரிஞ்சுது, பனி உக்காந்திருக்குதாட்டம் இருக்குதுன்னு நெனச்சனுங்க. நொம்பத் தளந்து போயித்தான் நடந்தீங்க சார். காச்சலோன்னு இருந்துச்சு."

அப்போதும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வயசான ஆள், அப்படியானால் பெரிய பேராசிரியராக இருப்பான், அனுபவசாலி, சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவான் என்றுதான் கணக்குப் போட்டேன்.

மறுநாள் பகல் பதினொரு மணி இருக்கும், பனி நன்றாக இறங்கிவிட்டது, சுத்தியல் மறுபடியும் ஆரம்பித்தது. நான் என் சாமான்களைப் போட்டுவிட்டு சத்தத்தைப் பார்த்து நடந்தேன், நடந்தேன் என்ன, ஓடினேன். காபிச் செடி முகத்தில் அடிக்கிறது, இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தேன். கிட்டே போகப் போகச் சத்தம் தெளிவாகிறது, மெதுவாக ஒன்று, ஓங்கி ஒன்று. பத்தடி தூரத்தில் கேட்ட மாதிரி இருந்தபோது, "சார், யாரு அங்க?" என்று கூப்பிட்டேன். சத்தம் நின்றது. ஆள் ஓடுகிற சத்தம் இல்லை, செடி அசையவில்லை, ஒன்றுமில்லை. அங்கே ஒரு தட்டையான பாறை, அதன்மேல் ஒரு காடாத் துணிப் பை. வாய்ப்பக்கம் சிவப்பு நூலில் ஓட்டம்.

கையில் எடுத்தேன். பைமேல் ஏ-212 என்று மையில் எழுதியிருந்தது. ஏ என்றால் ஏற்காடு, என் கற்களுக்கு நான் போடுகிற எண்தான், ஆனால் நான் அப்போது அறுபத்தொன்றில் இருந்தேன். உள்ளே கைக்குள் அடங்குகிற ஒரு கல், அப்போதுதான் உடைத்த மாதிரி முகம் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் எங்கேயும் உடைந்த சில்லு கிடையாது, சுற்றி நாலு பாறையைப் பார்த்துவிட்டேன், எல்லாம் பாசி பிடித்துக் கிடந்தன. கல்லோடு ஒரு சீட்டு. கல் எடுத்தால் அந்த இடத்திலேயே சீட்டு எழுதி உள்ளே போட வேண்டும், எண், பாறை, இடம், குறிப்பு என்று நாலு வரி, அது எங்களுக்கு வேதம். எண் இருந்தது, பாறை இருந்தது. இடம் என்பதற்கு எதிரே வெறுமையாக விடப்பட்டிருந்தது. எண்ணில் வரும் அந்த ஏ தவிர மற்றதெல்லாம் நான் ஆங்கிலத்தில்தான் எழுதுவேன், எங்களைப் பழக்கியது அப்படி. இதில் குறிப்பு என்ற இடத்தில் தமிழில் இரண்டே வார்த்தை: காட்ட ஆளில்லை. கையெழுத்து என்னுடையது. கொஞ்சம் நடுங்கியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன், துறையில் என்னைக் கிண்டல் செய்கிறவர்களுக்குக் குறைவா. ஆனாலும் கை சும்மா இருக்குமா? மறுநாள் முதல் பஸ்ஸில் மலையிறங்கிவிட்டேன். அடிவாரம் வரும்வரை அந்தப் பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். சேலத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை, கல்லூரியிலிருந்து வீடு பத்து நிமிட நடை, போகவில்லை. நேராக ஆய்வகத்துக்குப் போய்க் கல்லை வெட்டி, ஒட்டி, கண்ணாடித் தட்டில் பொடியைப் போட்டுக் கையாலேயே தேய்க்க ஆரம்பித்தேன். காலையில் குடித்த டீயோடு சரி. நகமெல்லாம் தேய்ந்து எரிந்தது. ஸ்லைடை நுண்ணோக்கியில் வைக்கும்போது சாயங்காலம் ஐந்தாகிவிட்டது.

கோடு இருந்தது. ஒரு துகளில் இல்லை, கண்ணுக்குத் தெரிந்த எல்லாத் துகளிலும் இருந்தது, வரிசை வரிசையாக, ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு, புத்தகத்தில் போட்டிருக்கிற படத்தைவிடச் சுத்தமாக.

தலையைத் தூக்கி, வந்து பாருங்களேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரிடம் சொன்னேன்? லீவு, கட்டடமே காலி, வாட்ச்மேன்கூட டீ குடிக்கப் போயிருந்தார். நீளமான அறை, வரிசையாக வெறும் ஸ்டூல்கள். என் குரல் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தபோதுதான் அந்தச் சீட்டில் இருந்த இரண்டு வார்த்தை எனக்கு உறைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கப்படாமல் சொல்கிறேன். ஸ்லைடை அப்படியே வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினேன்.

சுசீலா கதவைத் திறந்து என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, அன்றைக்கு அது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் அதுவரை என் கல்லூரிக்குள் வந்ததே கிடையாது. நுண்ணோக்கியில் எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்தேன், ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள். "கோடுங்க. நெறைய கோடு" என்றாள். பிறகு நிமிர்ந்து, "இத எங்க எடுத்தீங்க?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பயப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. இடம் தெரியாத கல் எங்கள் தொழிலில் கல்லே கிடையாது, எந்தப் பாறையிலிருந்து உடைத்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ கொண்டுவந்த கல் என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். பேனாவை எடுத்தேன். மேற்குக் கரை, தட்டைப் பாறை என்று நாலு வார்த்தை எழுதினால் போதும், பட்டம், பெயர், எல்லாம் என் கைக்குள். யாருக்குத் தெரியப் போகிறது?

"தெரியாதத எழுதிப்போட்டு, நாளைக்கி அவிய வந்து காட்டுங்கன்னா எதைக் காட்டுவீங்க?" என்றாள் சுசீலா. பேனாவை மூடிவிட்டேன்.

பாக்சைட்டில்தான் பட்டம் வாங்கினேன். சுமாரான ஆய்வு, சுமாரான வாத்தியார் என்று என் வேலை முடிந்தது. ஆனால் அந்த வருடத்துக்குப் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் நாங்கள் இரண்டு பேருமாக மலைக்குப் போனோம். அந்தக் கல் உடைந்த பாறையைத் தேடுகிறோம் என்று பேர். அவள் முன்னால் நடந்து, இதத் தட்டுங்க, அதத் தட்டுங்க என்பாள், நான் தட்டுவேன். பாப்பாத்தி அம்மாள் அவளைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். பாறை கிடைக்கவேயில்லை. நூற்று நாற்பது வரைக்கும் போனோம். என் வாழ்க்கையில் நல்ல வருடங்கள் என்றால் அவைதான்.

நாலு வருடத்துக்கு முன்னால் சுசீலாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. கடைசி வாரம், ஆஸ்பத்திரியில், மத்தியான நேரம், நான் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். "ஏனுங்க, ஒன்னு சொல்லட்டுங்களா? திட்டக் கூடாது" என்றாள்.

"சொல்லு."

"அன்னைக்கி கோட்டப் பாக்கறதுக்கு என்னையக் கூப்புட ஓடியாந்தீங்கல்ல. அதுக்கு முந்தியே மத்தியானம் ஒருக்கா ஊட்டுக்கு வந்தீங்க."

நான் வரவில்லை, ஆய்வகத்தை விட்டு நகரவில்லை என்றேன்.

"வந்தீங்க. கதவத் தட்டுனீங்க. தலையெல்லாம் நரைச்சாப்ல இருந்துச்சு, கல்லுத் தூசின்னு நெனச்சேன். பச்ச ஸ்வெட்டர் போட்டிருந்தீங்க, முழங்கையில வேற நூல்ல தெச்சிருந்துச்சு, இதென்ன நம்முள்து இல்லையேன்னு பாத்தேன். தண்ணி குடுத்தேன். குடிக்கலைங்க. சொம்பப் புடிச்சுட்டு என்னையே பாத்துட்டு நின்னீங்க. நொம்ப நேரம். அப்பறம் சொம்பக் குடுத்துட்டுப் போயிட்டீங்க."

பத்தொன்பது வருடமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கல்யாணமாகி நாலு வருசத்துல மொத மொதலா அப்பத்தான் என்னைய அப்பிடிப் பாத்தீங்க. கேட்டா அது நானில்லைன்னு சொல்லீருவீங்களோன்னு இருந்துச்சு" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை, ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

இப்போது நான் தனியாகத்தான் இருக்கிறேன். மறுபடியும் மலைக்குப் போக ஆரம்பித்திருக்கிறேன். அவள் தைத்து வைத்த பைகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன, அவற்றில் கல் எடுத்து எண் போடுகிறேன், போன மாதத்தோடு நூற்றுத் தொண்ணூற்றெட்டு, இருநூற்றுப் பன்னிரண்டுக்கு இன்னும் பதினாலுதான். விண்கல்லைப் பற்றி எனக்கு இப்போது ஒரு அக்கறையும் இல்லை. நான் இதையெல்லாம் நம்பவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் குளிர் காலத்தில் சேலம் பஸ் நிலையத்துக்கு வெளியே நேபாளத்துக்காரர்கள் கம்பளிச் சாமான்களைக் கடை பரப்புகிறார்களே, அந்தப் பக்கம் போனால் என் கால் நின்றுவிடுகிறது. அவள் சொன்ன பச்சை நிறத்தில் ஸ்வெட்டர்கள் எத்தனையோ தொங்குகின்றன. ஒரு நாள் விலைகூடக் கேட்டுவிட்டேன். நானாக வாங்கிப் போட்டுக்கொண்டால் அது பொய் இடம் எழுதுவது மாதிரி ஆகிவிடுமோ என்று திரும்பி வந்துவிட்டேன். தானாக என்னிடம் வந்து சேர வேண்டும் என்று இருக்கிறேன். வந்து சேர்ந்தால் என்ன செய்வேன் என்று நினைத்தால் பயமாகவும் இருக்கிறது. இதுவரை யாரும் எனக்கு ஸ்வெட்டர் கொடுக்கவில்லை.